தலைப்பாகையும் தலைக்கவசமும்

“தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று” என்பது தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பேரிடர் ஒன்று சிற்றிழப்போடு நீங்கினால் அதனைச் சொல்லி ஆறுதல் அடைவது மரபு. முன்னோர் அதனை உவமையாகவே சொன்னார்கள். துணியால் சுற்றிய பாகை உண்மையாகவே உயிரைக் காக்கும் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பழமொழி சொல்லுக்குச் சொல் மெய்யாயிற்று. தலைக்கு வந்த சாவைத் தலைமேல் அணிந்த பொருள் ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சிகள் ஆயிரமாயிரமாக நிகழ்ந்தன. அந்தப் பொருளே தலைக்கவசம்.

இன்று மலேசியச் சாலைகளில் மோட்டார் சைக்கிளில் செல்லும் இளைஞர் பலர், தலைக்கவசத்தைச் சட்டம் சுமத்திய சுமையாகவே கருதுகின்றனர். காவலர் கண்ணிற்பட்டால் அணிவதும், அவர் அகன்றதும் கழற்றி வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொள்வதும் பல ஊர்களில் காணும் காட்சிகள். இந்தப் பொருள் எவ்வாறு தோன்றியது, யார் எதற்காக அதனை வற்புறுத்தினார்கள் என்னும் வரலாற்றை அறிந்தவர் அதனைச் சுமையாகக் கருதமாட்டார். இளைஞர் மனத்தை மாற்றுவது எவ்வாறு என்னும் வினாவிற்கும் அந்த வரலாற்றிலேயே விடை அடங்கியுள்ளது.

பந்தயத் திடலில் பிறந்த கவசம்

இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தில் புரூக்லண்ட்ஸ் என்னும் பந்தயத் திடல் 1907ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மோட்டார் வாகனங்களின் வேகத்தைச் சோதிப்பதற்கென்றே அமைந்த திடல் அது. அங்கே மருத்துவராகப் பணியாற்றியவர் எரிக் கார்ட்னர். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஓட்டிகளை அவர் அடிக்கடி கண்டார். கை முறிந்தவரும் கால் முறிந்தவரும் சில திங்களில் எழுந்து நடமாடினர். தலையில் அடிபட்டவருள் பலர் எழவே இல்லை. இந்த வேறுபாடு அவர் உள்ளத்தை உறுத்தியது. முரட்டுத் துணியைப் பல மடிப்புகளாக ஒட்டி, அரக்கு மெழுகிட்டு இறுக்கிய கவசம் ஒன்றை அவர் செய்வித்தார்.

மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்திவந்த சங்கம் அதனை உடனே ஏற்கவில்லை. கார்ட்னர் தளராது வற்புறுத்தியதன் பயனாக, 1914ஆம் ஆண்டு மேன் தீவில் நடைபெற்ற புகழ்பெற்ற பந்தயத்தில் ஓட்டிகள் அனைவரும் கவசம் அணிய வேண்டும் என்னும் விதி வந்தது. ஓட்டிகளிடையே முணுமுணுப்பு எழுந்தது. கனமானது, அழகற்றது, வீரனுக்கு ஒவ்வாதது என்றெல்லாம் குறை கூறினர். பந்தயத்திற்குப் பின்னர் அந்தத் தீவின் மருத்துவரிடமிருந்து கார்ட்னருக்குச் செய்தி ஒன்று வந்ததாகச் சொல்லப்படுகிறது. ஒவ்வோராண்டும் பந்தயம் முடிந்ததும் மூளை அதிர்ச்சி அடைந்தோர் சிலர் மருத்துவத்திற்கு வருவது வழக்கம் என்றும், அவ்வாண்டில் ஒருவரும் வரவில்லை என்றும் அந்தச் செய்தி தெரிவித்ததாம்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. கவசத்தை முதலில் அணிந்தவர்கள் கோழைகள் அல்லர். அக்காலத்தில் உலகிலேயே மிக விரைவாக மோட்டார் சைக்கிள் ஓட்டிய வீரர்கள். தலைக்கவசம் அணிவது அச்சத்தின் அறிகுறி என்னும் எண்ணத்திற்கு வரலாற்றில் இடமே இல்லை.

ஒரு மரணமும் ஒரு மருத்துவரும்

பந்தயத் திடலில் வழக்கிற்கு வந்த கவசம் பொதுச்சாலைக்கு வர நெடுங்காலம் பிடித்தது. அதற்கு ஒரு மரணம் தூண்டுகோலாயிற்று.

முதல் உலகப் போரில் பாலைவனப் போராட்டத்தால் உலகப் புகழ் பெற்றவர் ‘அரேபிய லாரன்ஸ்’ எனப்பட்ட டி.இ. லாரன்ஸ். அவருக்கு மோட்டார் சைக்கிள் மீது தீராத வேட்கை. படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற சில திங்களுக்குள், 1935ஆம் ஆண்டு மே திங்கள் 13ஆம் நாள், டார்செட் பகுதியில் தம் இல்லத்திற்கு அருகே அவர் மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தார். எதிரே மிதிவண்டியில் இரு சிறுவர். சாலையின் மேடுபள்ளத்தால் அவர்களை அவர் முன்கூட்டியே காண இயலவில்லை. சிறுவரைக் காக்க வண்டியைத் திருப்பியவர் தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து, மே 19ஆம் நாள் தம் 46ஆம் வயதில் உயிர் நீத்தார். எத்தனையோ போர்க்களங்களில் தப்பிய உயிர், வீட்டருகே இருந்த அமைதியான சாலையில் பிரிந்தது.

அவரைக் காக்க அழைக்கப்பட்ட மருத்துவருள் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்து, மூளை அறுவை மருத்துவத்தில் இங்கிலாந்தில் பெயர் பெற்றவர். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியரானவர். லாரன்சைக் காக்க அவரால் இயலவில்லை. அந்தத் தோல்வி அவரை ஆய்வில் ஈடுபடுத்தியது.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அவருடைய ஆய்வுக்குப் போதிய சான்றுகள் கிடைத்தன. வான்தாக்குதலுக்கு அஞ்சி இரவில் விளக்குகள் அணைக்கப்பட்ட காலம் அது. படையினரின் மடல்களையும் கட்டளைகளையும் சுமந்து இளம் வீரர்கள் இருளிலேயே மோட்டார் சைக்கிளில் விரைந்தனர். கெய்ன்ஸ் கணக்கெடுத்தார். போரின் முதல் 21 திங்களில் பிரிட்டன் சாலைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவரும் பின்னால் அமர்ந்தவருமாக 2,279 பேர் இறந்திருந்தனர். போருக்கு முந்தைய 21 திங்களோடு ஒப்பிட அது மிகுதி. கவசம் அணிந்த நிலையில் அடிபட்டோராக அவர் கண்டவர் எழுவர் மட்டுமே. அந்த எழுவரும் பிழைத்திருந்தனர்.

இந்த உண்மைகளை 1941ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர் வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பர் திங்களிலேயே, பணியிலிருக்கும்போது மோட்டார் சைக்கிள் ஓட்டும் படைவீரர் அனைவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் எனப் படைத்துறை ஆணையிட்டது. அதன்பின் இறப்பு குறைந்து வந்ததைக் கெய்ன்ஸ் மீண்டும் கணக்கிட்டு 1946இல் எழுதினார்.

எனினும் பிரிட்டனில் பொதுமக்கள் அனைவருக்கும் தலைக்கவசம் கட்டாயமானது 1973ஆம் ஆண்டு ஜூன் திங்களில்தான். ஆய்வு வெளிவந்து 32 ஆண்டுகள் கடந்துவிட்டன. கெய்ன்ஸ் 1952ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். தாம் நட்ட மரத்தின் நிழலை அவர் காணவில்லை. உண்மை கண்டறியப்படுவதற்கும் அது மக்களின் வழக்கமாவதற்கும் இடையே எத்துணை நீண்ட காலம் செல்கிறது என்பதற்கு இது தக்க சான்று. அந்த இடைக்காலத்தில் மாண்டோர் பலர் இளைஞர் என்பதை மறத்தலாகாது.

கவசம் காக்கும் முறை

தலைக்கவசம் எவ்வாறு உயிரைக் காக்கிறது என்பதை மாணவர் அறிவியல் வழியில் உணர்தல் நன்று. காரணம் விளங்காத கட்டளையை இளம் உள்ளம் எளிதில் ஏற்பதில்லை.

ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரத்திலிருந்து ஒருவன் தலை தரையில் மோதுமானால், மோதும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். நின்ற வண்டியிலிருந்து சாய்ந்து விழுந்தாலும் நேரக்கூடிய வேகம் அது. கல்தரையில் நேரே மோதும் தலை சில மில்லிமீட்டர் தொலைவிற்குள் நின்றுவிடுகிறது. மண்டையோடு நின்றாலும் உள்ளிருக்கும் மூளை நிற்பதில்லை. அது முன்சென்று எலும்பில் மோதுகிறது, முறுக்குண்கிறது, குருதி நாளங்கள் அறுகின்றன. கெய்ன்ஸ் அவர்களோடு பணியாற்றிய இயற்பியலறிஞர் ஹோல்போர்ன், மூளைக்கு ஈடாகக் கூழ்ப்பொருளால் மாதிரி செய்து இந்த முறுக்கத்தை ஆராய்ந்து 1943இல் எழுதினார்.

தலைக்கவசத்தின் வெளியோடு தாக்குதலைப் பரவச் செய்கிறது. உள்ளே உள்ள நுரைப்பஞ்சு நசுங்கிக் கொடுக்கிறது. ஐந்து மில்லிமீட்டரில் நிற்க வேண்டிய தலை இருபத்தைந்து மில்லிமீட்டரில் நிற்குமானால், தாக்கும் விசை ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. இந்த நசுங்கும் உள்ளுறையைக் கொண்ட தற்காலக் கவசத்திற்கு அமெரிக்காவில் லொம்பார்ட் என்பார் 1953ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். கவசம் ஒருமுறை நசுங்கினால் அதன் கடமை முடிந்தது. வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் அதனை மீண்டும் அணிதல் தவறு. பாகையோடு போயிற்று என்னும் பழமொழியின் பொருள் இங்கே முழுமையாகப் பொருந்துகிறது.

மலேசியாவில் தலைக்கவசம்

உலகில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் அனைவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று சட்டம் செய்தது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். அந்தச் சட்டம் 1961ஆம் ஆண்டில் நடப்பிற்கு வந்தது. மலேசியா இத்துறையில் பின்தங்கிய நாடன்று. பிரிட்டன் சட்டம் செய்த அதே 1973ஆம் ஆண்டிலேயே மலேசியாவிலும் தலைக்கவச விதிகள் பிறந்தன. மலேசியத் தரநிர்ணய வரிசையில் முதல் எண்ணைப் பெற்றிருப்பது தலைக்கவசத்திற்கான தரமே என்பது பலரும் அறியாத செய்தி. பிற பொருள்கள் பல இருக்க, அந்த வரிசை எண் ஒன்றிலிருந்து தொடங்கியபோது அந்த ஒன்று மனிதத் தலையைக் காக்கும் பொருளுக்குரியதாயிற்று.

அக்காலச் சூழ்நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோட்டப்புறத்திலும் புதுக்கிராமத்திலும் கம்பத்திலும் மிதிவண்டியின் இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்து வந்தது. ‘கப்சாய்’ என்று எல்லா இனத்தவரும் அழைக்கும் சிறிய வண்டி, ஏழைத் தொழிலாளிக்குக் கிடைத்த குதிரையாயிற்று. பால்மரக் காட்டிலிருந்து பட்டணத்துத் தொழிற்சாலைக்குச் செல்லவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், சந்தைக்குச் செல்லவும் அதுவே உதவியது. குடும்பத்தின் வருவாயைப் பெருக்கிய வண்டியே சில வீடுகளில் வருவாய் ஈட்டும் மகனையும் கொண்டு சென்றது.

சட்டத்தால் பயன் விளைந்ததா? சுப்பிரமணியம் உள்ளிட்ட மூவர், தீபகற்ப மலேசியாவின் மோட்டார் சைக்கிள் இறப்புகளை ஆராய்ந்து 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தருகிறது. தலைக்கவசச் சட்டத்தால் மோட்டார் சைக்கிள் இறப்புகள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. பத்துப் பேர் இறக்க வேண்டிய இடத்தில் மூவர் வீடு திரும்பினர் என்பது அதன் பொருள்.

சட்டத்தோடு நாடு நின்றுவிடவில்லை. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில், 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிவழி அமைக்கப்பட்டது. பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்னும் விதி 1992இல் வந்தது. சிரம்பான், ஷா ஆலம் வட்டாரங்களில் நடந்த ஆய்வு, பார்வைக்குப் புலப்படாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் அதன்பின் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தன என்று காட்டியது. சாலைப் பாதுகாப்புத் துறை 2004இலும், சாலைப் பாதுகாப்பு ஆய்வுக்கழகம் 2007இலும் தோன்றின.

இவ்வளவு செய்தும் இழப்பு நின்றபாடில்லை. மலேசியச் சாலைகளில் 2016ஆம் ஆண்டு மட்டும் 7,152 பேர் இறந்தனர். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றோர். உலகளவில் 5 வயது முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்பிற்கு முதற்காரணம் சாலை விபத்தே என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கொள்ளைநோயை வென்ற தலைமுறை சாலையிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது.

வாரைப் பூட்டாத கவசம்

மலேசிய ஊர் ஒன்றில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு மிகவும் சிந்திக்கத்தக்கது. கவனிக்கப்பட்டோருள் ஏறத்தாழ 54 விழுக்காட்டினரே தலைக்கவசத்தை முறையாக அணிந்திருந்தனர். 21 விழுக்காட்டினர் அணிந்தும் முறையாக அணியவில்லை. 24 விழுக்காட்டினர் அணியவே இல்லை. இளைஞரிடையேதான் இந்தக் குறை மிகுதியாக இருந்தது.

முறையாக அணியாத 21 விழுக்காட்டினரே இங்குக் கருதத்தக்கவர். அவர்கள் கவசத்திற்குப் பொருள் செலவிட்டார்கள், அதன் கனத்தைத் தலையில் சுமந்தார்கள், வெப்பத்தையும் பொறுத்தார்கள். வாரைப் பூட்டுவதற்கு வேண்டிய இரண்டு நொடி முயற்சியை மட்டும் செய்யவில்லை. வாரைப் பூட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்னே தரையைச் சேர்ந்துவிடும். அவர்கள் அணிந்தது காவலருக்காக. தங்கள் தலைக்காக அன்று. சட்டம் தலைவரை சென்றது. மனம்வரை செல்லவில்லை என்பதே இதன் கருத்து.

சட்டம் மட்டும் போதுமா என்பதற்கு அமெரிக்க வரலாறும் விடை கூறும். கூட்டரசின் நெருக்குதலால் 1975ஆம் ஆண்டளவில் அந்த நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் தலைக்கவசச் சட்டம் இயற்றியிருந்தன. நெருக்குதல் 1976இல் நீங்கியதும் பல மாநிலங்கள் சட்டத்தை நீக்கின அல்லது தளர்த்தின. இறப்பு மீண்டும் உயர்ந்தது. மேலிருந்து வந்த கட்டளை மேலிருந்தே நீங்கியபோது, கீழே அதனைத் தாங்கிப் பிடிக்கப் போதிய மனங்கள் உருவாகியிருக்கவில்லை.

ஆசிரியர் கடமை

இந்த வரலாற்றிலிருந்து ஆசிரியர் கொள்ளத்தக்க பாடங்கள் மூன்று.

முதலாவது, அச்சுறுத்தலைவிடக் கணக்கு வலிமையுடையது. கெய்ன்ஸ் எவரையும் ஏசவில்லை, எண்ணிக் காட்டினார். இளைஞரிடம், “செத்துப்போவாய்” என்று சொன்னால் நகைப்பர். சாவு பிறருக்குரியது என்பது இளமையின் இயல்பான நம்பிக்கை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது என்பதை அவர்களையே கணக்கிடச் செய்தால் நகைப்பு அடங்கும். வேகம் 60இலிருந்து 90ஆக உயர்ந்தால் மோதும் ஆற்றல் ஒன்றரை மடங்காக அன்றி இரண்டேகால் மடங்காக உயரும் என்பதையும் அந்தப் பாடத்திலேயே காட்டலாம். தலைக்கவசமும் எல்லையற்ற காவலன் அன்று. மட்டுமீறிய வேகத்தை எந்தக் கவசமும் ஈடுசெய்யாது என்பது அப்போது தானே விளங்கும்.

இரண்டாவது, வீரத்தின் பொருளை மாற்றிக் காட்டுதல் வேண்டும். நள்ளிரவுச் சாலைகளில் உயிரைப் பணயம் வைத்து ஓட்டுவோரை ‘மாட் ரெம்பிட்’ என்று நாடு அழைக்கிறது. அவர்களைக் கண்டு வியக்கும் சிறுவர் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. உண்மையான பந்தய வீரர் 1914ஆம் ஆண்டிலிருந்தே கவசமின்றிக் களம் புகுவதில்லை என்னும் செய்தியை அந்தச் சிறுவர் அறிய வேண்டும்.

மூன்றாவது, காலம் கடவாமல் கற்பித்தல். மலேசியாவில் 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் பெறலாம். அதற்கு முன்பே வழக்கம் வேரூன்றிவிடுகிறது. தந்தை கவசம் அணிந்திருக்க, பின்னால் அமர்ந்த பிள்ளை வெறுந்தலையோடு பள்ளி வாயிலில் வந்திறங்கும் காட்சி அரிதன்று. அந்தப் பிள்ளை நாள்தோறும் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டே வருகிறது. பத்தாண்டு கற்ற அந்தப் பாடத்தைப் பதினாறாம் வயதில் ஒரு சொற்பொழிவு அழித்துவிடாது. ஆகவே தொடக்கப்பள்ளியே இதற்கு உரிய இடம். பெற்றோர் கூட்டத்தில் இந்தக் குறையை அன்போடு எடுத்துரைப்பதும், மோட்டார் சைக்கிளில் வரும் ஆசிரியர் மாணவர் காணத் தம் கவசத்தின் வாரைப் பூட்டிக்காட்டுவதும் நூறு சுவரொட்டிகளினும் மேலானவை.

உயிரைக் காக்கும் அறிவைத் தராத கல்வி முழுமையான கல்வியாகாது. ஒரு மாணவனை எழுத்தறிவித்து, கணக்கறிவித்து, இலக்கியம் சுவைக்கச் செய்து பதினேழாம் வயதில் சாலையிடம் பறிகொடுப்பது அவன் குடும்பத்திற்கு மட்டுமன்றி இனத்திற்கே பேரிழப்பு. சிறுபான்மையாக வாழும் இனத்திற்கு ஒவ்வோர் இளைஞனும் ஒரு தூண்.

ஒரு மரணத்தைக் கண்ட மருத்துவர் ஆறாண்டு உழைத்துப் பல்லாயிரவரைக் காத்தார். அவர் ஆய்வு வெளிவந்தது முதல் அவர் நாட்டில் சட்டம் பிறப்பதற்கு 32 ஆண்டுகள் சென்றன. மலேசியாவில் சட்டம் பிறந்து அதனினும் நெடுங்காலம் ஆகிவிட்டது. சட்டத்திற்கும் வாரைப் பூட்டும் கைக்கும் இடையே எஞ்சியிருக்கும் தொலைவு சிறியது. அதனைக் கடப்பிக்க வேண்டியவர்கள் பெற்றோரும் ஆசிரியரும். அவர்கள் அதனைச் செய்வார்களாயின், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்லும் வீடுகள் பெருகும்; அழுகுரல் எழும் வீடுகள் குறையும்.